நாற்று மஞ்சளடித்தால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் உரம்

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று முளைத்துப் பதினைந்து நாள் நன்றாக இருக்கும். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் வெளுத்து நிற்கும். உடனே உரக்கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கிவந்து, கை அளவுக்கு அள்ளிக் கரைத்து ஊற்றிவிடுவதுதான் வழக்கம். வெளுப்போடு பிழைத்திருக்கக்கூடிய நாற்று இப்படி ஊற்றியதில் கருகிப் போவது நிறைய நடக்கிறது.

கடலூர், புதுச்சேரி பக்கத்தில் நாற்று மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் உரக்குறை முதல் காரணமாக இருப்பதில்லை. உப்பேறிய போர் தண்ணீர், மண்ணுக்குப் பதிலாகக் கழுவாமல் போட்ட தேங்காய் நார்த்தூள், ஈரம் வற்றவே விடாத நாற்றுத் தட்டு (குழித்தட்டு) என்று மூன்று காரணங்கள் அதற்கு முன்னால் நிற்கின்றன. மூன்றிலும் அடிபடுவது வேர்தான். வேர் முடங்கிவிட்டால் பக்கத்திலேயே சத்து கிடந்தாலும் நாற்றால் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இலை காட்டுவது சத்துக்குறையின் அடையாளமே என்றாலும், சரிசெய்ய வேண்டியது தண்ணீராக இருக்கலாம். தண்ணீர், வேர், இலை, உரம் என்ற வரிசையில் பாருங்கள்.

தட்டு காட்டும் கோலம்

எந்த இலை மஞ்சள் என்று பார்ப்பதற்கு முன், தட்டில் எந்த இடம் மஞ்சள் என்று பாருங்கள். ஓரத்து வரிசை மட்டும் வெளுத்து, குட்டையாக நின்றால் ஈரம் காய்ந்துபோவதுதான் காரணம். மதியம் கிளம்பும் கடல்காற்று ஓரக் குழிகளைத்தான் முதலில் உலர்த்தும். நடுவில் மட்டும் மஞ்சள் என்றால் அங்கே தண்ணீர் மிஞ்சுகிறது, அல்லது தட்டு தொய்ந்து நடுவில் நீர் தேங்குகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் குழி சரியாக நிரம்பவில்லை, அல்லது அடியில் துளை அடைத்திருக்கிறது. தட்டு முழுக்க ஒரே சீராக வெளுத்தால்தான் சத்தையும் தண்ணீரின் தரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதலில் வரும் அந்த இரண்டு இலைகளும் மூன்று வாரம் கழிந்தால் தாமாகவே மஞ்சளாகி உதிரும். மேலே இரண்டு மூன்று நல்ல இலைகள் பச்சையாக இருந்தால் அது நோயும் இல்லை, பசியும் இல்லை. ஆனால் பத்து நாளிலேயே விதையிலை மஞ்சளானால் யோசிக்க வேண்டும்.

தூக்கிப் பார்ப்பது, பிடுங்கிப் பார்ப்பது

98 குழிகள் உள்ள ஒரு தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ நார்த்தூள் பிடிக்கும். நன்றாக நீர் ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டு, தட்டை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் கைக்குப் பழக வேண்டும். வீட்டுத் தராசு இருந்தால் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைந்த பிறகு அடுத்த தண்ணீர் போதும். மேலே லேசாக வெளிறி, தொட்டால் பொடியாக இருப்பதை மட்டும் பார்த்து ஊற்றினால் தப்பாகும். மேல் அரை அங்குலம் காய்ந்திருக்கும்போதே அடியில் நார்த்தூள் கருப்பாக, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரமாக இருக்கும்.

அடியைப் பார்க்க ஒரே வழி, ஒரு நாற்றைப் பலி கொடுப்பதுதான். குழியின் அடித்துளையில் பென்சிலை விட்டு மெல்ல மேலே தள்ளினால் வேரோடு நார்த்தூள் கட்டி முழுசாக வெளியே வரும். நல்ல வேர் வெள்ளை நூல் மாதிரி கட்டியைச் சுற்றி ஓடியிருக்கும், மண்வாசனை அடிக்கும். பழுப்பாக இருந்தால் ஒரு வேரை நகத்தால் பிடித்து இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவில் மயிரிழை மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சினால் அழுகல். சாக்கடை நாற்றம் அடித்தால் காற்றே போகவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்ட நாற்றுக்கு உரம் கொடுப்பது வீண். இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். தட்டைத் தரையிலிருந்து எடுத்து, அடியில் காற்று போகும்படி செங்கல்லின் மேலோ மூங்கில் சட்டத்தின் மேலோ வையுங்கள். தண்டு அடியில் ஊசிபோல் சுருங்கிச் சாய்ந்தால் நாற்றழுகல். செத்ததை எடுத்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும்.

எவ்வளவு, எப்போது, எப்படி

ஒரு 98 குழித்தட்டுக்கு மப்பும் மந்தாரமுமான நாளில் அரை லிட்டர் போதும், சாதாரண வெயிலில் முக்கால் லிட்டர். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில் அடிக்கும்போது ஒரு லிட்டர், சில நாள் அதற்குக் கொஞ்சம் கூடுதலும் இழுக்கும். நிழல்வலைக்குக் கீழே இருந்தால் இதில் குறையும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. கடைசித் தீர்ப்பு தட்டின் கனத்தில்.

காலை ஏழு, எட்டு மணிக்குள் ஊற்றுவது நல்லது. கோடையில் மாலை மூன்று மணிக்குமேல் ஓர வரிசைக்கு மட்டும் லேசாக ஒரு கை. ஐப்பசி, கார்த்திகையில் மாலைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இரவெல்லாம் இலையும் மேல்பரப்பும் நனைந்து கிடந்தால் அழுகல் வரும்.

சின்னத் துளை உள்ள பூவாளியே சிறந்தது. மக்கில் ஊற்றினால் நார்த்தூள் குழி பறிந்து வேர் வெளியே தெரியும். பாதித் தண்ணீரை ஒருமுறை ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் குழியின் பக்கவாட்டில் வழிந்து அடியில் போய்விடும், நடுக்கட்டி காய்ந்தே இருக்கும். ஊற்றி முடித்ததும் பத்துக் குழியில் இரண்டிலாவது அடியில் சொட்டு வர வேண்டும். சொட்டே வராமல் தினமும் அரைகுறையாக நனைத்துவந்தால் உப்பு முழுவதும் கட்டிக்குள்ளேயே தங்கும். வாரம் ஒருமுறை தட்டுகளைத் திருப்பி, ஓரத்தில் இருந்ததை நடுவுக்கு மாற்றி வையுங்கள்.

இந்தக் கரையோரத் தண்ணீர்

தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். உள்ளே தள்ளி வந்தால் கரிப்பு தெரியாது, ஆனால் கடினம் இருக்கும். குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காமை, பானையில் சுண்ணாம்பு மாதிரி படலம் ஆகியவை அதன் அடையாளங்கள். கரிப்பு வேறு, கடினம் வேறு. கரிப்பு வேர் நீர் இழுப்பதைத் தடுத்து இலை நுனியைக் கருக்கும். கடினத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் நாளடைவில் வேர்ப்பகுதியைக் காரத்தன்மைக்குத் தள்ளி இரும்புச்சத்தைப் பூட்டிவிடும். முதலாவதற்கு இலை ஓரம் கருகும், இரண்டாவதற்குக் கொழுந்து வெளுக்கும்.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். நாற்றுக்காரர் கையில் இருக்க வேண்டிய முதல் கருவி அது. 500 பிபிஎம்முக்குக் கீழே கவலை இல்லை. 500 முதல் 1000 வரை என்றால் அடியில் நன்றாக வடியும்படி ஊற்றி, உரத்தைப் பாதியாக்க வேண்டும். ஆயிரத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் நாற்று வளர்க்க நினைக்காதீர்கள். வளர்ந்த தென்னை தாங்கும், பதினைந்து நாள் மிளகாய் தாங்காது. மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் கணக்கும் பாதியாகும்: 1200 காட்டும் போர் தண்ணீர் 600-க்கு வந்துவிடும். நூறு தட்டு வளர்ப்பவருக்கு ஒரு நாளைக்கு 75 லிட்டர் தேவைப்பட்டால், அதில் பாதிக்கு ஒரு 200 லிட்டர் டிரம் மழைநீர் ஐந்து நாள் வரும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. தாராளமாகக் கலக்கலாம். ஆனால் வீட்டில் ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாயிலிருந்து வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நகரத்தில் நிறைய இருக்கிறது. குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கும். தரை கழுவுங்கள், பாத்திரம் தேயுங்கள். நாற்றுக்கு வேண்டாம். குளோரின் வாசனை தூக்கலான குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற பக்கெட்டில் ஓர் இரவு வைத்தால் போதும்.

உப்பு ஏற்கெனவே ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம், குழியின் மேல் விளிம்பில் வெள்ளைப் பொரிப்பு. அதைப் பார்த்தால் உரத்தை நிறுத்தி, தட்டுக்கு 3 லிட்டர் நல்ல தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றி அலசிவிடுங்கள். முதல் தவணை உப்பைக் கரைக்கும், பதினைந்து நிமிடம் கழித்து ஊற்றும் இரண்டாவது அதைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு கனம் குறையும்வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், கடலூர் மாவட்டத்தவர் விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் மண், நீர்ப் பரிசோதனை பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். போர் தண்ணீரை மோட்டார் போட்டவுடன் பிடிக்காமல், கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் இரண்டு முறை அலசிய பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோக வேண்டும்.

கழுவாத நார்த்தூள்

5 கிலோ கட்டி ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் உப்பி உதிரும். பச்சை நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய ஒட்டியிருக்கும். இவை இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) மெக்னீசியமும் நாற்றுக்குக் கிட்டாது. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, வடியும் நீர் தேநீர் நிறத்திலிருந்து வெளிறிய பிறகு எடுங்கள். அதோடு நிறுத்தாமல், 25 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு மறுபடி அலசினால், ஒட்டியிருக்கும் சோடியத்தை கால்சியம் வெளியே தள்ளும். போர் தண்ணீரே கரிக்கும் ஊரில், கடைசி அலசலையாவது மழைநீரில் செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல், மட்காத நார்த்தூளில் கார்பன் அளவு தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல நூறு மடங்கு இருக்கும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள், நாற்றுக்கு வைத்த தழைச்சத்தைத் தாங்களே தின்றுவிடும். நாற்று மெல்ல மெல்ல வெளுப்பதற்கு இது போதும். மட்கிய நார்க்கழிவு கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் நான்கு பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் கலந்து, நூறு கிலோவுக்கு ஒன்றரை கிலோ வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால், முதல் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

இலை எந்தச் சத்தைக் கேட்கிறது

தண்ணீரும் வேரும் சரி என்று தெரிந்த பிறகு இலைக்கு வருவோம். ஒரே ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்: மஞ்சள் கீழ் இலையிலா, கொழுந்திலா? தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கும் செடிக்குள் நகரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும், அதனால் கீழ் இலை முதலில் வாடும். இரும்பு, சுண்ணாம்பு, போரான் வைத்த இடத்தைவிட்டு நகராது, அதனால் அடி கொழுந்தில் விழும்.

கீழ் இலை நரம்பு உட்பட முழுசாக வெளிர் மஞ்சளாகி, செடியே மெலிந்து நின்றால் தழைச்சத்து. நாற்றில் காணும் குறையில் அதிகம் இதுதான். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கீழ் இலையில் இருந்தால் மெக்னீசியம். அதே கோலம் கொழுந்தில் இருந்தால் இரும்பு. இலையைப் பிடுங்காமல் காலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரும்புக்குறையில் வெளுத்த இலையில் பச்சைக் கோடுகள் வலை பின்னினமாதிரி துல்லியமாகத் தெரியும். கீழ் இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தால் சாம்பல்சத்துக் குறை என்று புத்தகம் சொல்லும். நார்த்தூளில் சாம்பல்சத்து ஏற்கெனவே மிகுதி என்பதால், இங்கே ஓரம் தீய்ந்தால் உப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கொழுந்து இலை சுருங்கி, நுனி கருகினால் சுண்ணாம்புச்சத்து.

இலையின் அடிப்பக்கம் ஊதாவாகி, செடி கரும்பச்சையாகக் குட்டையாக நின்றால் மணிச்சத்து. தக்காளியில் இது பளிச்சென்று தெரியும். ஊதாக் கத்தரி ரகங்களில் தண்டும் நரம்பும் பிறவியிலேயே ஊதா, அதைப் பார்த்துப் பயந்து டிஏபி (மணிச்சத்து உரம்) ஊற்ற வேண்டாம். தக்காளியிலும் தொடர்மழைக்குப் பிறகு வரும் ஊதா, வேர் மூச்சுத்திணறி மணிச்சத்தை எடுக்க முடியாததால் வருவது. வடிந்து வெயில் வந்தால் தானே சரியாகும்.

கொழுந்து சுருண்டு, இலை மேலே கிண்ணமாகவோ கீழே படகாகவோ மடங்கினால் பூதக்கண்ணாடியால் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இலைப்பேனும் சிலந்திப்பேனும் செய்யும் வேலையைச் சத்துக்குறை என்று நினைத்து உரம் தெளிப்பது மிளகாயில் தினமும் நடக்கிறது.

தாய்க்கரைசல்

சின்ன அளவை நிறுப்பது கஷ்டம். ஒரு கிராம் உரத்தைக் கண்ணால் அளந்தால் மூன்று கிராம் வந்துவிடும். 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் மூன்றும் நூற்றுக்கு 19 பங்கு வீதம் உள்ளது) 100 கிராம் சரியாக நிறுத்து, ஒரு பாட்டிலில் போட்டு, மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை மழைநீரோ ஆர்ஓ நல்ல தண்ணீரோ ஊற்றிக் குலுக்குங்கள். இப்போது 10 மில்லியில் ஒரு கிராம் உரம் இருக்கிறது. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு வாங்கினால் அரை கிராம்கூடத் துல்லியமாக எடுக்கலாம். பாட்டிலை நிழலில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அடியில் படிந்திருந்தால் குலுக்கிக் கரைத்த பிறகே எடுக்க வேண்டும்.

முதல் நல்ல இலை விரிந்ததும் லிட்டருக்கு அரை கிராம் (5 மில்லி கரைசல்), வாரம் இருமுறை. மூன்றாவது இலை வந்த பிறகு ஒரு கிராம். ஒரு கிராமில் லிட்டருக்கு 190 மில்லிகிராம் தழைச்சத்து கிடைக்கிறது. பொடி நாற்றுக்கு அதற்குமேல் தேவையில்லை. தட்டுக்கு 600 மில்லி கணக்கு. காய்ந்த தட்டில் உரக்கரைசல் ஊற்றவே கூடாது. முந்தின நாள் நனைத்த, இன்னும் அரை ஈரம் இருக்கும் தட்டில் காலையில் ஊற்றி, இலையில் பட்டதைக் கொஞ்சம் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். வாரத்தில் ஒருநாளாவது வெறும் தண்ணீரை அடியில் வடிய ஊற்றுங்கள்.

இலைவழி வேண்டுமென்றால், நாற்று 18 நாளான பிறகு 19:19:19 லிட்டருக்கு 5 கிராம் தெளிப்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நல்ல தண்ணீரில், ஆரோக்கியமான நாற்றுக்கு அது சரி. ஏற்கெனவே உப்பில் வாடிய நாற்றுக்கு 2 கிராமோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

எந்தச் சத்து குறை என்று தெளிவாகத் தெரிந்தால் தனி மருந்து:

தழைச்சத்துக்கு யூரியா லிட்டருக்கு 2 கிராம், மாலை வெயில் தாழ்ந்ததும் தெளிப்பு. ஐந்தாவது நாள் தேவையானால் இன்னொருமுறை.

மெக்னீசியத்துக்கு மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம். இதை ஊற்றினாலும் வேலை செய்யும், தெளித்தாலும் செய்யும்.

மணிச்சத்துக்கு 12:61:0 லிட்டருக்கு ஒரு கிராம், வேரில்.

சுண்ணாம்புச்சத்துக்கு கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு கிராம், தனியாக. இதை மெக்னீசியம் சல்பேட்டோடோ மணிச்சத்து உள்ள எந்த உரத்தோடோ சேர்த்தால் பால் மாதிரி திரிந்து அடியில் படியும். படிந்தது ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும். பூவாளித் துளையை அடைக்குமே தவிர நாற்றுக்குப் போகாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

இரும்பு கொஞ்சம் பிடிவாதக்காரன்

இந்தப் பகுதியில் தழைச்சத்துக்கு அடுத்து அதிகம் ஏமாற்றுவது இரும்புதான். காரம் ஏறிய நார்த்தூளில் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து ஊற்றினால் ஒருமணி நேரத்தில் துருவாகி உட்கார்ந்துவிடும். இலையில் தெளித்தால்தான் பலன். நாட்டு மருந்துக்கடையிலோ உரக்கடையிலோ வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர்பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்க வேண்டும். பழுப்புத்தூள் படிந்திருந்தால் பழைய சரக்கு, அதில் இரும்பு இருந்தும் பயனில்லை.

ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் ஒரு கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, அதன் பிறகே 2 கிராம் அன்னபேதியைப் போடுங்கள். வரிசை மாறினால் கரைசல் மஞ்சளாகி, பிறகு செங்காவி நிறமாகும். அப்படி ஆனதைக் கொட்டிவிடலாம். லேசான பச்சையாக இருக்கும்போதே, அன்றைக்கே, மாலை ஐந்து மணிக்குமேல் பனிபோல் தெளியுங்கள். இரண்டு நாற்றில் தெளித்து மறுநாள் புள்ளி விழுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. மூன்று நான்கு நாளில் துளி பட்ட இடமெல்லாம் பச்சைப் பொட்டாகத் தெரிந்தால் கணிப்பு சரி. வாரத்துக்கொரு முறை இரண்டு அல்லது மூன்று தெளிப்பு. ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால் இடிடிஎச்ஏ (EDDHA) என்ற பொருளோடு பிணைத்து விற்கும் இரும்புதான் காரத்தில் தாங்கும். மலிவான இடிடிஏ (EDTA) வகை காரம் கூடிய இடத்தில் சீக்கிரம் கைவிட்டுவிடும்.

எந்தச் சத்தானாலும் பழைய மஞ்சள் இலை முழுசாகப் பச்சையாகத் திரும்புவதை எதிர்பார்க்காதீர்கள். அடுத்து வரும் இலை எந்த நிறம் என்பதுதான் கணக்கு. ஐந்து நாள் பொறுக்காமல் இரண்டாம் நாளே இன்னொரு உரத்தை ஊற்றினால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

புண்ணாக்குத் தண்ணீரும் பஞ்சகவ்யமும்

பஞ்சகவ்யத்தை வளர்ந்த பயிருக்கு 3 சதம் தெளிப்பார்கள். நாற்றுக்கு லிட்டருக்கு 10 மில்லி போதும், மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டித் தெளிக்க வேண்டும். மண்புழு வடிநீரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலக்கலாம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுவது பைச்செடிக்குப் பொருந்தும்; குழித்தட்டுக்கு வேண்டாம். நார்த்தூளில் அதை உடைக்கும் உயிர்கள் குறைவு, குழியும் சின்னது, புளித்த கரைசல் தங்கினால் சின்னக் கருப்பு ஈக்கள் முட்டையிட்டு அதன் புழு வேரைக் கடிக்கும். இயற்கை வழியில்தான் போவேன் என்பவர்கள் முதலிலேயே மண்புழு உரத்தைக் கூட்டிக் கலந்துவிடுவது புத்திசாலித்தனம். நாற்று வெளுத்த பிறகு மெதுவாக வேலை செய்யும் உரத்தைத் தேடினால், அது இலைக்கு வந்து சேர்வதற்குள் நடவு நாள் வந்துவிடும்.

பைச்செடியும் மேட்டுப்பாத்தியும்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து நர்சரிகளில் முந்திரி, பலா, முருங்கைக் கன்றுகள் செம்மண் நிரப்பிய பையில் வளர்கின்றன. அங்கே மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பையின் துளை பக்கவாட்டில் மட்டும் இருந்து அடியில் இரண்டங்குலம் தண்ணீர் தேங்குவது. ஆணியால் அடியில் நான்கு துளை போட்டால் தீர்ந்தது. மற்றொன்று, ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்ட செம்மண் சுருங்கிப் பையை விட்டு விலகி நிற்பது. ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் சொட்டும், பார்ப்பவருக்கு நனைந்தமாதிரி தோன்றும், வேர்க்கட்டி மட்டும் காய்ந்தே இருக்கும். அத்தகைய பைகளை முக்கால் உயரத் தண்ணீருள்ள தொட்டியில் குமிழி நிற்கும்வரை வைத்து எடுங்கள். பிறகு மேல்மண்ணைக் குச்சியால் கிளறி, ஒரு கைப்பிடி மட்கிய தொழு உரம் போட்டு மூடுங்கள்.

மேட்டுப்பாத்தி நாற்றங்காலில் விஷயம் மழைதான். இங்கே ஆண்டு மழையில் பாதிக்குமேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அவ்வளவு வேண்டாம், பத்து சென்டிமீட்டர் பெய்தாலே மணற்பாங்கான பாத்தியில் நைட்ரேட் வடிவத் தழைச்சத்து கீழே இறங்கிவிடும். மழை விட்ட மறுநாளே வெளுத்த நாற்றுக்கு யூரியாவை வீசாதீர்கள், வேர் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. வாய்க்காலை வெட்டி வடித்து, மேல் ஏட்டைக் கிளறி, இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு லிட்டருக்கு 2 கிராம் யூரியா தெளித்தால் பிடித்துக்கொள்ளும். பாத்தி 15 சென்டிமீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் இருந்தால் வடிப்பு சுலபம். குழித்தட்டை மழைக்காலத்தில் வெறும் நிழல்வலைக்குக் கீழே விடக்கூடாது. வலை வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. அதற்குமேல் பாலித்தீன் விரிப்பு வேண்டும்.

எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது

தக்காளி, கத்தரி 25 முதல் 30 நாளில், மிளகாய் 35 முதல் 40 நாளில் நடவுக்கு வரும். குறை சரியாகி இரண்டு புதிய இலை பச்சையாக விரிந்திருந்தால், நாற்று ஒரு வாரம் பிந்தியிருந்தாலும் நடலாம். நடவுக்கு ஐந்து நாள் முன்பு உரத்தை நிறுத்தி, நிழல்வலையை விலக்கி, தண்ணீரைக் கொஞ்சம் இறுக்குங்கள். மதியம் லேசாகத் தலை சாய்ந்து மாலையில் நிமிர்ந்தால் சரியான அளவு. மாலையிலும் நிமிராவிட்டால் இறுக்கியது அதிகம்.

45 நாளாகியும் விரல் நீளத்துக்கு மேல் ஏறாமல், தண்டு மரமாகி, வேர் குழிக்குள் சுருண்டு பழுப்பான நாற்றுக்கு என்ன ஊற்றினாலும் வயலில் பூ பிந்தும். அதற்குச் செலவாகும் உரத்தைவிட புது விதை மலிவு. நடும் நாளில் தட்டைக் காலையிலேயே நன்றாக நனைத்து, ஒரு மணி நேரம் வடியவிட்டு, அடியில் பென்சிலால் தள்ளி எடுங்கள். கட்டி உதிராமல் முழுசாக வந்தால் அன்று மாலையே நட்டு, குழிக்கு ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் ஊற்றிவிட்டு, முதல் உரத்தைப் பத்து நாள் கழித்து வையுங்கள்.